பச்சையைக் குறைக்கும் கை

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைச் சாலையில் ஏதாவதொரு வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தால், முதல் பார்வைக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைப் பசேலென்று ஒரே நிறமாகத் தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அந்த ஒரே நிறம் பிரியத் தொடங்கும். நாற்றங்காலின் பச்சையில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். நட்டு ஒரு மாதம் ஆன வயல் கருத்திருக்கும். தென்னந்தோப்பு அதைவிட இருண்டு, காற்று அசைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளி பூசியதுபோல் மின்னும். திராட்சைப் பந்தல்கள் பாய் விரித்த மாதிரி மட்டமாகக் கிடக்கும். இவை எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. தண்ணீர் ஏறாத மேட்டில் பச்சை சட்டென்று நின்றுவிடும். அங்கிருந்து செம்மண்ணும் கரடும் முள்ளும்தான்.

இந்த எல்லைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலையின் அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் பெரும்பாலும் காற்றாகவும் சாரலாகவும்தான் வந்து சேரும். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் என்று இன்று அரசு சொல்லும் கணக்குக்கு அந்தத் தண்ணீரே ஆதாரம். ஆகவே மேலிருந்து பார்க்கிறவருக்கு இங்கே பச்சை என்பது ஒரு வரைபடம். பச்சை எதுவரை போகிறதோ அதுவரை தண்ணீர் போகிறது.

இதே பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்ட கல்யாண ஆல்பம் ஒன்றை எடுத்துப் புரட்டுங்கள். மேகமலைத் தேயிலைச் சரிவில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் தேயிலை, காய்ந்த புகையிலையின் நிறத்தில் இருக்கும். சுருளி அருவிக்குப் பக்கத்து மரங்கள் சாம்பல் பூத்திருக்கும். வயல் வரப்பில் நடக்கும் படத்தில் நெற்பயிர் பழுப்பாகி, அறுவடை தப்பிய வறட்சி வருடத்துப் படம் போல இருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் இதைப் பிரவுன் டோன் என்கிறார்கள். மூடி டோன் என்பதும் உண்டு. இதற்கென்று ஆயத்தமாக வரும் பிரிசெட்டை ஒருமுறை தட்டினால் நூறு படங்களின் பச்சையும் ஒரே நேரத்தில் வடிந்துவிடுகிறது.

இந்தப் படங்கள் பலவும் அழகானவை. ஆனால் ஒரு படத்திலிருந்து எந்த நிறத்தை எடுக்கிறோம், எதை விட்டுவைக்கிறோம் என்பது, அந்தப் படம் எந்த ஊரைப் பற்றி, யாரைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை மாற்றிவிடும் முடிவு. தண்ணீருக்காக நூறாண்டுகளுக்கு மேல் பாடுபட்டு வரும் ஒரு நிலத்தில் அந்த முடிவின் எடை இன்னும் கூடுகிறது.

முதலில் நிறத்தை எடுக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பலரும் இதைக் கண்மதிப்பில் செய்கிறார்கள். உள்ளே நடப்பது வெறும் எண்கணக்கு.

எண்முறைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த மூன்றையும் வேறு மூன்றாக மாற்றி எழுதலாம். நிறம் எது என்பது ஒன்று, அது எவ்வளவு அடர்த்தி என்பது ஒன்று, எவ்வளவு வெளிச்சம் என்பது ஒன்று. நிறத்தை ஒரு வட்டமாக வைத்துக்கொள்வார்கள். சிவப்பு 0 பாகை, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே போனால் புள்ளி சாம்பலை நோக்கி நகரும். துணியில் சாயம் போவது மாதிரிதான். படம் திருத்தும் செயலியான லைட்ரூம் இந்த வட்டத்தை எட்டுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனித் தள்ளுகோல் வைத்திருக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலப்பச்சை, நீலம், ஊதா, கருஞ்சிவப்பு. ஃபோட்டோஷாப்பில் இருக்கும் 'செலக்டிவ் கலர்' இதற்கு முந்தைய மரபைச் சேர்ந்தது. அது அச்சகத்திலிருந்து வந்த சிந்தனை. சிவப்புப் பகுதியில் மட்டும் எத்தனை சதவீதம் நீல மையைக் கூட்டுவது, குறைப்பது என்று நான்கு வண்ண அச்சுக்காரர்கள் யோசித்த முறையையே அது இன்றும் பின்பற்றுகிறது. சிவகாசியில் காலண்டர் அச்சடித்த மூத்தவர்களுக்கு அந்தக் கருவியை விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

இனி ஒரு நெல் இலையை எடுத்துக்கொள்வோம். வெயிலில் எடுத்த படத்தில் அதன் எண்கள் ஏறத்தாழ 96, 128, 40 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வட்டத்தில் இதன் இடம் 82 பாகை. பச்சைக்குப் போக இன்னும் 38 பாகை இருக்கிறது. மஞ்சளிலிருந்து 22 பாகைதான் விலகியிருக்கிறது. நம் கண் பச்சை என்று சத்தியம் செய்யும் இலை, கணினியின் கணக்கில் மஞ்சளுக்குத்தான் பக்கத்து வீடு. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் வாங்கிக்கொண்டு, இடையில் இருக்கும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த இடைப்பட்ட ஒளியில் மஞ்சளின் பங்கும் கணிசமாக இருப்பதால் வரும் விளைவு இது.

முதன்முதலாக எடிட்டிங் பழகுகிறவர் பச்சைத் தள்ளுகோலை முழுக்கக் கீழே இழுத்தும் வயல் பச்சையாகவே நிற்கிறதே என்று குழம்புவது இதனால்தான். பக்கத்தில் இருக்கும் மஞ்சளையும் சேர்த்து இழுத்தால்தான் வயல் பழுக்கும். இழுத்த கையோடு இன்னொன்றும் நடக்கும். பெண்ணின் கழுத்தில் இருக்கும் மஞ்சள் கயிறு வெளுக்கும். தங்கம் பித்தளையாகி, பித்தளை ஈயமாகும். சாமந்தி மாலை நேற்றுக் கட்டியது போலாகும். வயலின் பசுமையும் தாலியின் மஞ்சளும் ஒரே துண்டில் இருப்பதால், ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் அசைகிறது. நல்ல எடிட்டர் இந்த இடத்தில் மாஸ்க் போட்டு, ஆளையும் பின்னணியையும் பிரித்து, கயிற்றின் நிறத்தைக் கையால் திரும்பக் கொண்டுவருவார். நூற்றுக்கணக்கான படங்களை மூன்று நாளில் முடித்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் அதற்கு நேரம் இருப்பதில்லை.

நிறத்தை முழுவதும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கறுப்பு வெள்ளைதானே, அதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். எந்தச் சாம்பல் என்பதுதான் சிக்கல். நம் நெல் இலைக்குப் பக்கத்தில் 160, 20, 30 என்ற எண்களைக் கொண்ட ஓர் அரக்குச் சேலையை நிறுத்துங்கள். ஃபோட்டோஷாப்பில் 'டீசாச்சுரேட்' என்ற கட்டளை, மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. இலைக்கு 84 வரும், சேலைக்கு 90. வயலில் நிற்கும் பெண்ணின் சேலை ஏறக்குறைய வயலோடு கரைந்துவிடும். போதாததற்குச் சேலைதான் சற்றே வெளிச்சமாகத் தெரியும். மனிதக் கண்ணோ பச்சை ஒளியைத்தான் அதிக வெளிச்சமாக உணர்கிறது. அதைக் கணக்கில் எடுத்து, சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று தொலைக்காட்சிப் பொறியாளர்கள் வகுத்த பழைய விகிதம் ஒன்று உண்டு. அதன்படி கணக்கிட்டால் இலை 108, சேலை 63. இப்போது சேலை இருண்டு, வயலிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்கும். காட்சி ஒன்றுதான், கறுப்பு வெள்ளையும் ஒன்றுதான், ஆனால் முதல் படத்தில் பெண் மறைகிறாள், இரண்டாவதில் நிற்கிறாள்.

ஃபிலிம் காலத்திலும் இந்த முடிவை யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். எடுப்பது தாங்கள்தான் என்று படம் எடுத்த பலருக்குத் தெரியாது, அவ்வளவே. தொடக்க காலத் தகடுகள் நீல ஒளியை மட்டும் உணர்ந்தன. பின்னால் வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் வகை பச்சையையும் உணர்ந்தது, சிவப்பை உணரவில்லை. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்தும், பழைய வகை வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. சிவப்பை உணராத ஃபிலிமில் குங்குமம் மைப்பொட்டாக விழும். அரக்குச் சேலை கறுப்புச் சேலையாகும். நம் ஊர்த் தோலின் பழுப்பில் சிவப்பின் பங்கு பெரிது. அதை ஃபிலிம் பார்க்கத் தவறியதால், கண்ணால் பார்ப்பதைவிட இருண்ட முகங்களே படத்தில் விழுந்தன. பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்கும் டச்சிங் வேலை அவ்வளவு வேரூன்றியதற்கு அழகு பற்றிய எண்ணம் ஒரு காரணம். ஃபிலிமின் இந்தக் குருட்டுத்தனம் இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

தேர்ந்தெடுத்து நிறமூட்டும் வழக்கமும் அந்த ஸ்டுடியோக்களிலிருந்தே வருகிறது. இந்தியாவில் 1860கள் முதலே கறுப்பு வெள்ளை அச்சின்மேல் கையால் வண்ணம் தீட்டினார்கள். வடக்கே அரண்மனைகளுக்காகத் தீட்டியவர்கள் படத்தையே ஓவியமாக மூடிவிடுவது உண்டு. எளிய ஸ்டுடியோக்களில் அவ்வளவு செலவுக்கு இடமில்லை. உதட்டில் ஒரு சிவப்பு, சேலைக் கரையில் ஒரு பச்சை, நகையில் ஒரு மஞ்சள், கன்னத்தில் லேசான ரோஜா. மீதி எல்லாம் சாம்பலாகவே இருக்கும். எங்கே நிறம் தீட்டப்பட்டதோ அங்கேதான் அந்தக் குடும்பத்தின் பெருமை இருந்தது. இப்படிப்பட்ட தமிழக ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு எண்முறையில் பதிந்து பாதுகாத்திருக்கிறார்கள். பெரிய ஆளுமைகளின் படங்களைக் காப்பது எளிது. பெயர் தெரியாத குடும்பங்களின் படங்களைத் தேடி எடுத்துக் காத்தது பெரிய காரியம்.

2000களில் கணினியில் பக்கம் வடிவமைத்து அச்சிடும் கரிஷ்மா ஆல்பம் வந்தபோது அந்தக் கைவண்ணம் தலைகீழாகத் திரும்பியது. முன்பு கறுப்பு வெள்ளையில் நிறம் சேர்த்தார்கள். இப்போது முழு வண்ணப் படத்திலிருந்து எல்லாவற்றையும் உருவி, ஒரே ஒரு பொருளை மட்டும் விட்டார்கள். மணமக்கள் சாம்பலில் இருப்பார்கள், ரோஜா மட்டும் சிவந்திருக்கும். கூரைச்சேலை மட்டும், மருதாணி மட்டும், குங்குமம் மட்டும் என்று எத்தனையோ. 1993இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தில் கறுப்பு வெள்ளைக்கு நடுவே ஒரு சிறுமியின் கோட் மட்டும் சிவப்பாக வரும். படத்தில் அந்தச் சிவப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. ஊரே சாகும்போது ஒருத்தியைக் கண் பின்தொடர்கிறது. பிறகு அதே சிவப்பைப் பிணக்குவியலில் மீண்டும் காண்கிறோம். ஆல்பத்து ரோஜாவுக்கு அப்படியொரு வேலை இல்லை. மணப்பெண்ணின் முகத்தைச் சாம்பலாக்கி அவள் கையில் இருக்கும் பூவை மட்டும் உயிரோடு விட்டால், பார்ப்பவர் கண் பூவுக்குத்தான் போகும். கல்யாணம் பூவுக்கா பெண்ணுக்கா என்று கேட்ட பெரியவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள்.

கறுப்பு வெள்ளைக்கு நம்மூரில் இன்னொரு பொருளும் உண்டு. வண்ண ஆல்பத்தின் நடுவே ஒரு பக்கத்தை மட்டும் கறுப்பு வெள்ளையில் வைத்தால், வீட்டில் யாராவது ஒரு பாட்டி, எதுக்கு இப்படி, செத்தவங்க படம் மாதிரி, என்று முகம் சுளிப்பார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வளர்த்த பார்வை அது. நிறம் போனால் ஆள் போனார் என்று பொருள். இதற்கு மறுபக்கமாக, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக்கைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் காலத்தில் வாழ்ந்து முடிந்த அந்தப் பொறியாளரின் உருவம், பள்ளத்தாக்கின் ஃப்ளெக்ஸ்களில் ரோஜா நிற முகத்தோடும் வண்ண உடையோடும்தான் நிற்கிறது. லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். பொங்கலன்று அவர் படத்துக்கு முன்னால் பானை வைக்கிறார்கள். அவரைச் சாம்பலில் விட மனம் வராமல்தான் நிறம் ஏற்றுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நிறத்துக்கும் உயிருக்கும் இடையிலான இந்த முடிச்சு மொழியிலும் இருக்கிறது. பச்சை என்று நாம் சொல்லும்போது நிறத்தை மட்டுமா சொல்கிறோம்? பச்சைக் காய்கறி, பச்சைத் தண்ணீர், பச்சை மண், பச்சைக் குழந்தை, பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு. காயாதது, வேகாதது, புதிதாக உயிர் கொண்டது எல்லாம் பச்சை. அதே வேரிலிருந்து பசலையும் வருகிறது. பிரிவில் தோலின் நிறம் மாறி வெளிறிப் போவதற்குச் சங்கக் கவிஞர்கள் வைத்த பெயர் அது. திருக்குறள் அதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. உடம்பிலிருந்து நிறம் வடிவதை ஒரு நோயாகவும் ஒரு செய்தியாகவும் படித்த மொழி இது. தலைவியின் தோலைப் பார்த்துத் தோழி படித்ததை, வயலைப் பார்த்து விவசாயி படிக்கிறார்.

சினிமாவுக்கு வருவோம். ஆல்பத்தின் டோன் பெரும்பாலும் திரையிலிருந்து இறங்கியதுதான். கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' 2000இல் வந்தது. கதை 1930களின் வறண்ட, புழுதி பறக்கும் அமெரிக்கத் தெற்கில் நடக்கிறது. படப்பிடிப்போ மிசிசிப்பியில், கோடையின் செழித்த பசுமைக்கு நடுவே நடந்தது. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் ரசாயன முறைகளில் முயன்று பார்த்து நிறைவடையாமல், ஃபிலிமை முழுவதும் கணினியில் ஏற்றி, பச்சைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் காய்ந்த மஞ்சளாக்கினார். ஒரு முழுநீளப் படம் முழுவதையும் இப்படி எண்முறையில் நிறம் திருத்திய முன்னோடி முயற்சி அது. இன்று நம் திரையுலகில் டிஐ என்று சாதாரணமாகச் சொல்லும் வேலைக்கு அந்தப் படமே வழி திறந்தது. அந்தக் கலையின் தொடக்கமே பச்சையை எடுப்பதில்தான் இருந்தது என்பது என்னை இன்னும் வியக்க வைக்கும் செய்தி.

தமிழில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு 'பரதேசி'. 2013இல் வந்தது. இயக்கிய பாலா தேனி மாவட்டத்துக்காரர். ஒளிப்பதிவு செழியன். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்த நாவலின் தாக்கத்தில் உருவான படம். தேயிலைத் தோட்டத்துக் கொத்தடிமைகளின் கதை. தேயிலைத் தோட்டத்தை உள்ளபடி எடுத்தால் அது சுற்றுலா விளம்பரம் ஆகிவிடும்; அவ்வளவு அழகான இடத்திலா இவ்வளவு துன்பம் என்று பார்வையாளர் மனம் அழகின் பக்கம் சாய்ந்துவிடும். அந்தப் படத்தில் பச்சை ஒடுக்கப்பட்டிருக்கிறது. மண்ணும் புழுதியும் கந்தலும் ஒரே பழுப்பில் கலந்து கிடக்கின்றன. அந்த வேலை கணினியில் மட்டும் நடக்கவில்லை. கேமராவுக்கு முன்னாலேயே சாயமில்லாத, மண்ணேறிய துணிகளை உடுத்திவிட்டார்கள். உடை வடிவமைத்த பூர்ணிமா ராமசாமிக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. நிறத்தைப் பிறகு உருவுவதைவிட, முதலிலேயே எது வேண்டாம் என்று முடிவு செய்வது எவ்வளவு வலுவானது என்பதற்கு இந்தப் படம் பாடம்.

அங்கே பச்சையை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. காரணம் மறைந்து பாணி மட்டும் மிஞ்சியது வேறொரு கதை; அது 'பரதேசி'க்கு முன்பே தொடங்கிவிட்டது. 'பருத்திவீரன்' 2007இலும் 'சுப்பிரமணியபுரம்' 2008இலும் வந்தன. தென்மாவட்டம் என்றால் புழுதியும் பழுப்பும் என்று திரையில் ஒரு வழக்கம் ஊன்றிவிட்டது. அந்த இரண்டு படங்களும் தங்கள் நிலத்துக்கு உண்மையாக இருந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. அவை காட்டிய நிலம் அப்படிப்பட்டது. ஆனால் வைகைக்கு வடக்கேயும் தெற்கேயும், கரிசலும் செவலும் வண்டலும், எல்லாமே ஒரே பழுப்புக்குள் அடங்கியபோது ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து வறட்சியும் இந்தப் பக்கத்து வாய்க்காலும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

இதிலிருந்து விலகி நிற்கும் படம் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. 2018இல் வந்தது. இயக்கம் லெனின் பாரதி, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இந்த மலையடிவாரத்துக் கூலிக்காரர்கள் ஏலக்காய் மூட்டையைத் தலைச்சுமையாகத் தூக்கி மலை ஏறி இறங்கும் பாதைதான் படத்தின் உயிர். அந்தப் படத்தில் பச்சை, பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலையாக இருப்பதில்லை; காலால் கடக்க வேண்டிய உயரமாக இருக்கிறது. கடைசிக் காட்சியில், தான் இழந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக நாயகன் உட்கார்ந்திருக்கிறான். கேமரா விலகி மேலே போகப் போக எங்கும் காற்றாலைகள். அந்த வெளியின் நிறத்தில் சோகத்துக்கென்று தனியாக எதையும் பூசவில்லை. காட்சி வலிப்பதற்கு அதுவே காரணம் என்பேன்.

இப்போது இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் கனமான இடத்துக்கு வருகிறேன். தோல்.

நம் மக்களின் தோல்நிறம், கறுப்பு என்று நாம் சொன்னாலும், வட்டத்தில் ஆரஞ்சுக்குள் விழுகிறது. 141, 85, 60 என்ற எண்கள் கொண்ட ஒரு முகத்தின் இடம் ஏறத்தாழ 18 பாகை. 150, 80, 50 என்று இருக்கும் செம்மண்ணின் இடமும் 18 பாகைதான். உழுகிறவரின் முகமும் உழுத மண்ணும் கணினியில் ஒரே வீட்டில் இருக்கின்றன. கல்யாண ஆல்பத்தில் ஆட்களை வெளுப்பாக்குவதற்கு எடிட்டர்கள் எடுக்கும் குறுக்குவழி, ஆரஞ்சின் வெளிச்சத்தைக் கூட்டி அடர்த்தியைக் குறைப்பது. ஒரே இழுப்பில் முகம் இரண்டு படி வெளுக்கும். கூடவே பின்னால் இருக்கும் செம்மண் பாதையும் வெளிறும், ஓட்டுக்கூரை சாயம் போகும், மருதாணி மங்கும். சில வருடங்களுக்கு முன்புவரை இப்படி ஒரு படத்தைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். மண்ணே காட்டிக் கொடுத்துவிடும். இப்போது ஆளைத் தானாகக் கண்டுபிடித்து, முகத்தோலை மட்டும் பிரித்துத் தரும் மாஸ்க் வந்துவிட்டது. மண் மண்ணின் நிறத்திலேயே இருக்க, முகம் மட்டும் மாறுகிறது. கருவி நுட்பமாக நுட்பமாக, காட்டிக் கொடுக்கச் சாட்சி இல்லாமல் போகிறது.

வெளுப்பாக்கச் சொல்லிக் கேட்பது பல நேரம் வாடிக்கையாளரே என்பதை ஸ்டுடியோக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும்ப்பா என்று தாயே சொல்வாள். ஆனால் ஆல்பம் வீட்டுக்கு வந்த பிறகு, அந்தப் பெண்ணின் பிள்ளைகள் இருபது வருடம் கழித்து அதைப் புரட்டும்போது, தங்கள் தோலைப் போன்ற தோல் அதில் ஒருவருக்கும் இல்லை என்பதைக் காண்பார்கள். ஒரு குடும்பத்தின் ஆவணத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் நிறத்தையே எடுத்துவிடும் உரிமை யாருக்கும் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நிறத்தை எதுவரை மாற்றலாம் என்ற கேள்விக்குச் செய்திப் படத்தில் ஒழுங்குவிதி உண்டு. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் படத்தை முழுவதும் கறுப்பு வெள்ளையாக்க அனுமதி இருக்கிறது. உள்ளடக்கம் மறையும் அளவுக்கு நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தக் கூடாது. 2015இல் கடைசிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் 20 சதவீதம் இத்தகைய காரணங்களால் நீக்கப்பட்டன. கல்யாணப் படத்துக்கும் கலைப் படத்துக்கும் இந்த விதி பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம்.

பள்ளத்தாக்கில் நிறம் ஆவணமாகவே இருக்கும் இடங்கள் வேறு உண்டு. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏல மையம் இருக்கிறது. ஏலம் கணினிக்கு மாறிய பிறகும் வியாபாரி காயைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் விலை கேட்பார். காயின் அளவுக்கு அடுத்து அவர் பார்ப்பது பச்சை. பறித்த காயை ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் மிதமான சூட்டில் மெல்ல உலர்த்தினால் பச்சை நிற்கும். சூடு ஏறினாலும் தாமதித்தாலும் பழுக்கும், விலை இறங்கும். வெளிர் நிறம் விரும்பும் சந்தைக்காகக் காயைக் கந்தகப் புகையில் வெளுக்கும் பழைய முறையும் இந்த வியாபாரத்தில் இருந்தது. நிறத்தை உருவுவது அங்கே ஒரு தனித் தொழில்! 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் அப்படித்தான். கொடியில் இருக்கும் பழத்தின் மேல் வெண்சாம்பலாக ஒரு மெல்லிய மெழுகுப் படலம் படர்ந்திருக்கும். கை படாத பழம் என்பதற்கு அதுவே அடையாளம். ஊதாவின் அடர்த்தியைக் கூட்டிப் பழத்தைப் பளபளக்க வைக்கும் எடிட்டிங்கில் முதலில் காணாமல் போவது அந்தப் படலம். கடையில் நாலு பேர் கைபட்டுத் தேய்ந்த பழத்தின் தோற்றம் தோட்டத்துப் பழத்துக்கு வந்துவிடுகிறது.

இதில் குறைப்பது மட்டும் குற்றம் என்று சொல்ல முடியாது; கூட்டுவதிலும் அதே கேடு இருக்கிறது. இன்றைய கைபேசிகள் பல, காட்சியில் செடிகொடி இருப்பதைத் தாமாகவே கண்டுகொண்டு பச்சையை ஏற்றிவிடுகின்றன. பயிர் மஞ்சளடித்திருக்கிறதே என்று கவலையோடு வாட்ஸ்அப்பில் வேளாண் அலுவலருக்கு ஒருவர் படம் அனுப்பினால், போய்ச் சேரும் படத்தில் பயிர் நன்றாகத்தான் இருக்கும்.

நெல்லின் பச்சையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு முறையான கருவி இருக்கிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய இலை வண்ண அட்டையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கிறது. ஒரு நீண்ட பட்டையில் வெளிர் மஞ்சள் பச்சை முதல் கரும்பச்சை வரை படிப்படியாக நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நட்ட 14ஆம் நாள் தொடங்கிப் பூக்கும் வரை வாரம் ஒருமுறை, பத்துக் குத்துகளில் முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. பத்தில் ஆறு இலையாவது எல்லைக்குக் கீழே இருந்தால்தான் தழைச்சத்து இட வேண்டும். யூரியாவுக்குச் செலவழிக்கும் பணமும், அளவு மிஞ்சினால் வரும் பூச்சியும் நோயும், அந்த ஒரு படிப் பச்சையில் தங்கியிருக்கின்றன. எந்தப் பிரிசெட்டும் தொடத் துணியக் கூடாத நுட்பமான வேறுபாடு அது.

அட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதற்கும் முறை உண்டு. காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் பார்க்க வேண்டும். இலையைக் கிள்ளக் கூடாது. வெயில் நேராக இலையில் விழுந்தால் நிறம் ஏமாற்றும் என்பதால், பார்க்கிறவர் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, தன் உடம்பின் நிழலை இலையின்மேல் விழச் செய்து, அந்த நிழலுக்குள் அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். முதல் வாரம் யார் பார்த்தாரோ, பூக்கும் வரை அவரேதான் பார்க்க வேண்டும்.